இஞ்ஞாசியோட காத்துச்சட்டை

எங்க ஊர்ல ஒரு சட்டை மூச்சு விட்டுச்சு. நம்புறவங்க நின்னு கேளுங்க, நம்பாதவங்க மீன வாங்கிட்டு நடையக் கட்டுங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், இந்தக் கதையச் சொல்லி நான் பங்களா கட்டப்போறதில்ல. என் பேரு ரெஜினாள், இடிஞ்சான்துறைக் கரையில மீன் ஏலம் கூறுறவ, என் வீட்டுக்காரர் தொம்மை சொந்த வள்ளம் வச்சுத் தொழிலுக்குப் போறவரு, எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு குட்டைச் சுவரு, அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இஞ்ஞாசியும் அவன் பொண்டாட்டி கித்தேரியும் குடியிருந்தாங்க, அந்தச் சட்டையும் அங்கதான் ஆணியில தொங்குச்சு. காதால கேட்டதையும் கண்ணால பாத்ததையும்தான் சொல்றேன், நடுவுல யாரும் குறுக்கப் பேசாதீங்க.

வெளியூர் சங்கம் ஒண்ணு கடல்ல போற ஆம்பளைங்க எல்லாருக்கும் உயிர் காக்குற சட்டைன்னு கொண்டாந்து குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி நாங்க பாத்த லைஃப் ஜாக்கெட்டெல்லாம் தெர்மாகோல் வச்சுத் தைச்ச மெத்தை மாதிரி இருக்கும், அதப் போட்டுக்கிட்டு வலை இழுக்க முடியாதுன்னு வள்ளத்துல தலைக்கு வச்சுப் படுப்பாங்க. இது அப்படி இல்ல. கழுத்தச் சுத்தி நெஞ்சு வரைக்கும் தொங்குற செவப்புப் பட்டை, தட்டையா, கனமே இல்லாம, இடுப்புல ஒரு வார், வாருல ஒரு கொக்கி. சொல்லிக்குடுக்க அனுசுயான்னு ஒரு டீச்சர் வந்தாங்க, கோயில் முன்னால மணல்ல எல்லாரையும் உக்காத்தி வச்சு, உள்ள ஒரு மாத்திரை இருக்கு, தண்ணிக்குள்ள விழுந்தா அது கரையும், கரைஞ்சா ஊசி போய்க் குப்பியக் குத்தும், குப்பிக்குள்ள அடைச்ச காத்து சட்டைக்குள்ள பாயும், நீங்க மயங்கிக் கெடந்தாலும் மூஞ்சி வானத்தப் பாத்தபடி மெதப்பீங்க, மாத்திரை கரையலன்னா இந்தக் கயித்த இழுங்க, அதுவும் ஆகலன்னா இந்தக் குழாயில வாயால ஊதுங்கன்னு, பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்க. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில உப்புப் போக அலசணும், வெயில்ல போடாம நெழல்ல காயவைக்கணும், அப்பப்ப வாயால ஊதி ஒரு நாள் முழுக்க வச்சுப் பாக்கணும், காத்து கொறைஞ்சா எங்கயோ ஓட்டை, குப்பி இறுக்கமா இருக்கான்னு கையால திருகிப் பாக்கணும், ஒரு தடவ ஊதிருச்சுன்னா புதுக்குப்பியும் புது மாத்திரையும் மாத்தணும்னு இன்னும் சொல்லிக்கிட்டே போனாங்க.

"டீச்சர், இதுக்கு ஒரு பிள்ளையப் பெத்து வளத்துரலாமே"ன்னு ஒருத்தன் சொல்ல, கரையே சிரிச்சுச்சு.

சிரிக்காதவன் இஞ்ஞாசி ஒருத்தன்தான். கடக்கரையில பொறந்தும் நீச்சல் சுமாராத்தான் வரும் அவனுக்கு, அத வச்சே ஊர் அவன ஓட்டும், அவனும் பல்லக் காட்டிட்டுப் போயிருவான். அன்னைக்கு அவன் எந்திரிச்சு, "டீச்சர், ஊதின காத்த எப்படி எறக்குறது?"ன்னு கேட்டான். அவங்க குழாய் மேல இருந்த சின்ன மூடியக் கழட்டி, அதத் தலைகீழாத் திருப்பி, குழாய்க்குள்ள அமுக்கிக் காட்டினாங்க, புஸ்ஸுன்னு காத்து எறங்குச்சு. இவன் அத வாங்கி ரெண்டு மூணு தடவ தானே செஞ்சு பாத்தான்.

இப்ப எங்க ஊர்க் கூத்தக் கேளுங்க. புதுசா எது வந்தாலும் சாமியார் மந்திரிக்காம கடல்ல எறங்காது எங்க ஊர்ல, வலையோ, எஞ்சினோ, நாலு முழக் கயிறோ, எதுவா இருந்தாலும் தீர்த்தம் பட்டாகணும், அதுவும் சும்மா தெளிச்சா போதாது, சொட்டச் சொட்ட நனையணும், இல்லன்னா சாமி கஞ்சத்தனம் பண்ணிட்டாருன்னு பேசுவாங்க. ஞாயித்துக்கெழமை பூசைக்கு ஆம்பளைங்க எல்லாரும் சட்டைய மாட்டிக்கிட்டுப் பீடத்துக்கு முன்னால வரிசையா முழங்கால் போட்டாங்க, பங்குச்சாமி தீர்த்தத்த அள்ளி அள்ளி வீசினாரு, நாங்க பொம்பளைங்க முக்காட்டோட நின்னு பாட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தோம். மொதல்ல ஒரு சட்டை டப்புன்னு ஊதிக்கிச்சு, அடுத்து இன்னொண்ணு, அப்புறம் வரிசை முழுக்க டப்பு டப்புன்னு ஊத, எங்க ஆம்பளைங்க எல்லாரும் கன்னம் பிதுங்கி, கண்ணு முழிச்சு, கழுத்துல செவப்பு மூட்டையோட பீடத்தப் பாத்தபடி இருந்தாங்க. பாட்டு நின்னுபோச்சு. அந்த அமைதியில எவளோ ஒருத்தி, "மாதா ஊதிட்டா! மாதா தன் வாயால ஊதிட்டா!"ன்னு கத்தினா, அவ்வளவுதான், கோயிலே அழுதுச்சு. மாத்திரை நனைஞ்சுதான் வெடிச்சுச்சுன்னு சாமியாருக்குத் தெரியும், சொல்ல வாயத் தெறந்தாரு, முன்னால ஊரே நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுறதப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டாரு.

மாதா ஊதின காத்த எவன் எறக்குவான்? மீன் ரத்தமும் டீசலும் படுற எடத்துக்கு அத எவன் கொண்டுபோவான்? ஊதினது ஊதினபடியே வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, மாதா படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏத்தி வச்சோம். பிள்ளைக்குக் காய்ச்சல்னா அதத் தொட்டு நெத்தியில வச்சோம், பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு அதத்தான் மொதல்ல காட்டினோம். ஆம்பளைங்க முன்ன மாதிரியே வெறும் கழுத்தோட கடலுக்குப் போனாங்க. அனுசுயா டீச்சர் திரும்ப வந்து பாத்துட்டுத் தலையில கை வச்சுக்கிட்டாங்க, "ஐயோ, இது சாமி இல்ல, சட்டை! காத்த எறக்குங்க, நான் புதுக்குப்பி கொண்டாந்திருக்கேன்"னு வீடு வீடா ஏறி எறங்கினாங்க, நாங்க அவங்களுக்குக் கலர் வாங்கிக் குடுத்து, குடிக்கவச்சு, மரியாதையா பஸ் ஏத்திவிட்டோம். அவங்க கொண்டாந்த குப்பிப் பெட்டி கோயில் பின்னறையில, பழைய சப்பர விளக்குங்களுக்குப் பக்கத்துல கெடந்துச்சு.

இஞ்ஞாசிக்கு மட்டும் அந்தச் சட்டை மேல ஒரு கண்ணு இருந்துக்கிட்டே இருந்துச்சு. கடலக் கலக்குற கச்சான் காத்து எடுக்குற மாசம் அது. ஒரு நாள் விடியக்காலம் வள்ளம் எறக்கப் போற நேரம், சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். அவன் ஆணியில இருந்து சட்டைய எடுத்து, மாலையக் கழட்டி வச்சுட்டு, குழாய் மூடிய வெரல்ல பிடிச்சுக்கிட்டு நிக்குறான்.

"ஏட்டி, மூடியத் திருப்பிக் காத்த எறக்கிட்டா மடிச்சுக் கழுத்துல போட்டுக்கலாம். குப்பி இல்லாட்டியும் பரவாயில்ல, தண்ணியில விழுந்தா வாயால ஊதிக்குவேன். மேகம் சரியில்ல."

"மாதா ஊதின காத்துங்க அது. அத எறக்கிட்டுக் கடலுக்குப் போனா திரும்பி வருவீங்களா? வையுங்க."

"அடி, காத்துதான, மாதா இன்னொருக்க ஊதமாட்டாளா?"

கித்தேரி பாஞ்சு பிடுங்கினா. பிடுங்கி நெஞ்சோட கட்டிக்கிட்டு, "என் தலைமேல ஆணையா இதத் தொடாதீங்க"ன்னா. அவன் அவளப் பாத்தான், சுவத்து மேல என்னப் பாத்தான், "பாத்தீங்களா மதினி, சட்டைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்ல"ன்னு சிரிச்சுட்டு, அவ போட்டு வச்ச சுக்குக்காப்பிய ஒரே மடக்குல குடிச்சுட்டு, வெறும் கழுத்தோட போனான். அந்த மூடி திரும்பாமலே போச்சு.

மத்தியானம் தாண்டிக் காத்து வெறிபிடிச்சுச்சு. வள்ளங்க ஒண்ணொண்ணா ஓடி வந்து கரை ஏறுச்சு, என் வீட்டுக்காரர் வந்துட்டாரு, இஞ்ஞாசியும் இன்னும் மூணு பேரும் போன வள்ளம் மட்டும் வரல. நாங்க கரையில நின்னு மாரடிச்சுக்கிட்டு இருந்தப்ப, கித்தேரி வீட்டுக்குள்ள இருந்து, "யக்கா! யக்கா!"ன்னு கத்தினா. ஓடிப் போனேன். ஆணியில தொங்கின சட்டை ஏறி ஏறி எறங்குது. மூச்சுத் திணறுது. குழாய் வழியா தண்ணி கொட்டுது, தரையெல்லாம் ஓடுது, வெரல்ல தொட்டு நாக்குல வச்சேன், கடத்தண்ணி. அதே நேரத்துல மத்த மூணு வீட்டுலயும் அதே கதைதான், ஆணியில தொங்கின சட்டைங்க செருமிக்கிட்டும் மூச்சு எறைச்சுக்கிட்டும் தண்ணி கக்கிக்கிட்டும் கெடந்துச்சுங்க, சுத்தி நின்ன பொம்பளைங்க அதுங்க முதுகத் தடவிக்கிட்டு இருந்தாங்க. வேற என்ன செய்ய? எறைக்குற பிள்ளைய எப்படித் தடவுவோமோ அப்படித்தான் தடவினோம்.

பொழுது சாயறதுக்குள்ள, இஞ்ஞாசி கூடப் போன சிலுவைராயன் வீட்டுச் சட்டை மூச்ச நிறுத்துச்சு. நிறுத்தின கொஞ்ச நேரத்துல சிலுவைராயன் உடம்பு கரையில ஒதுங்குச்சு. மறுநாள் இன்னொரு சட்டை நின்னுச்சு, இன்னொரு உடம்பு வந்துச்சு. அதுக்கு அடுத்ததும் அப்படியே. அப்பத்தான் எங்களுக்குக் கணக்குப் புரிஞ்சுச்சு, சட்டையில மூச்சு இருக்கிற வரைக்கும் கடல்ல ஆளு இருக்கான், சட்டை நின்னா ஆளு இல்ல. அடக்கம் பண்ணிட்டு வந்த மூணு வீட்டுப் பொம்பளைங்களும் கித்தேரி வாசல்ல வந்து உக்காந்து, அவ சட்டை ஏறி எறங்குறதப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. பொறாமைன்னு சொல்லக் கூடாது, ஆனா வேற என்ன பேரு வைக்குறதுன்னும் எனக்குத் தெரியல.

ஊரே தேடுச்சு. வள்ளங்க போச்சு, பெரிய கப்பல் வந்துச்சு, மேல ஹெலிகாப்டர் சுத்துச்சு. ஒண்ணும் ஆம்புடல. தேடுறவங்க நிறுத்திட்டாங்க, சட்டை நிறுத்தல.

அதுக்கப்புறம் அதோடவே வாழப் பழகிட்டோம். ஆஸ்பத்திரி நர்சம்மா வந்து கொழல வச்சுக் கேட்டுட்டு, நெஞ்சுல சளி கட்டியிருக்கு, வேற கோளாறு இல்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க. கித்தேரியோட மாமியார் வீட்டுக்காரங்க வெள்ளச் சீலை எடுத்துட்டு வந்தாங்க, சட்டை இருமுறதக் கேட்டுட்டுச் சீலையத் திரும்ப எடுத்துட்டுப் போனாங்க. செத்தவனுக்குத்தான் துக்கப் பூசை, மூச்சு விடுறவனுக்கு எப்படிப் பாடுறதுன்னு சாமியார் மண்டையப் பிச்சுக்கிட்டு, கடைசியில நோயாளிகளுக்கான ஜெபத்துல அவன் பேரச் சேத்துக்கிட்டாரு. வாக்காளர் பேரச் சரிபாக்க வந்த ஆளு கூட, "இவரு இருக்காரா?"ன்னு கேட்டு, கித்தேரி ஆணியக் காட்ட, கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, இருக்காருன்னு டிக் போட்டுட்டுப் போனான்.

டீச்சர் சொன்ன ஒவ்வொண்ணும் ஊர்ல அந்த ஒரு சட்டைக்கு மட்டும் நடந்துச்சு. நல்ல தண்ணி லாரி வந்தா முதல் குடம் அதுக்குத்தான், உப்புப் பூத்த எடத்தையெல்லாம் கித்தேரி மெல்லிசுத் துணியால ஒத்தி எடுப்பா, நெழல்ல விரிச்சுப் பக்கத்துலயே உக்காந்திருப்பா, ஈ ஒக்காந்தா வெரட்டுவா, தையல் ஓரத்துல ஒரு எடம் லேசாக் கசியுதுன்னு சைக்கிள் கடையில சொலூஷன் வாங்கி ஒட்டுப் போட்டா. ஒட்டியும் விடியறதுக்குள்ள கொஞ்சம் சுருங்கிரும், அதனால தெனமும் காலையில குழாயில வாய வச்சு ஊதுவா. பல்லுகூட வெளக்கமாட்டா, மொதல்ல அதுதான். மூஞ்சி செவந்து, கழுத்து நரம்பு பொடைச்சு அவ ஊதுறதச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாப்பேன். "போதும்டி, நெஞ்சடைச்சுச் சாகப்போற"ம்பேன். "நான்தான யக்கா போட விடல, நான்தான் ஊதணும்"பா.

இதுல இன்னொண்ணும் நடந்துச்சு, அதுதான் பொல்லாதது. கடல் அமைதியா இருந்தா சட்டை மெதுவா மூச்சு விடும். எங்கயோ ஆழத்துல காத்து கெளம்பினா, வானம் பளிச்சுன்னு இருக்கும்போதே சட்டைக்கு எறைப்பு வந்துரும். மொதல்ல என் வீட்டுக்காரர்தான் அதக் கவனிச்சாரு, அன்னைக்குப் போகாம இருந்தாரு, மத்தியானம் பேய்க்காத்து. அதுல இருந்து விடிஞ்சா ஆம்பளைங்க அவ வாசல்ல வரிசையா நின்னாங்க. "இஞ்ஞாசி இன்னைக்கு எப்படி?" "நல்லாத் தூங்குறான், போகலாம்." "இன்னைக்கு?" "இருமுறான், வலையத் தைப்போம் வாங்கலே." ஒரு வள்ளம் கவுறல, ஒரு உசுரு போகல. ரேடியோவுல சொல்றதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க கூட ஆளனுப்பிக் கேட்டுட்டுப் போனாங்க. ஊர்ச்செலவுல கித்தேரி வீட்டுக்கு ஓடு மாத்திக் குடுத்தோம், கரைக்கு வர்ற மீன்பாட்டுல நல்லதா அவளுக்கு ஒதுக்கினோம். ஊர்த்தலைவர் வியாகுலப்பன், "கடல்ல நமக்கு ஒரு காவக்காரன் இருக்கான்"னு மேடையிலயே பேசினாரு. நீச்சல் தெரியாதவன்னு ஓட்டின அதே வாயி. தேடப் போவோம்னு யாரும் அதுக்கப்புறம் சொல்லல, தேடிக் கண்டுபிடிச்சுட்டா காவலுக்கு யாரு?

மாதா திருவிழாக் கொடி ஏறின வாரம் மீரான் பாய் வந்தாரு. தூரத்துத் துறைமுகத்துல லாஞ்சு வச்சு ஆழக்கடல் தொழில் பாக்குறவரு, எங்க கரைக்கு ஐஸ் ஏத்த ஒதுங்கினவரு இல்ல, விசாரிச்சுக்கிட்டே வந்தவரு. கித்தேரி வீடு எதுன்னு கேட்டு, முத்தத்துல வந்து நின்னு, உள்ள ஆணியில சட்டை ஏறி எறங்குறதப் பாத்ததும் அப்படியே மணல்ல உக்காந்துட்டாரு. நான் தண்ணி குடுத்தேன், குடிக்கல.

"தங்கச்சி, உம் மாப்பிள்ளையப் பாத்தேன்"னாரு.

கித்தேரி தூணப் பிடிச்சுக்கிட்டா. "உசுரோடயா பாய்?"

"உசுரோடதாம்மா. அதச் சொல்லத்தான் நாக்கு வரல. கரையே கண்ணுக்குத் தெரியாத தண்ணியில, நெஞ்சு வரைக்கும் மேல தெரிய, நிமுந்து நிக்குறாரு. கழுத்துல ஒண்ணும் இல்ல, அடியில கட்டையும் இல்ல. கையப் பிடிச்சுத் தூக்கினோம், லாஞ்சுல இருந்த அத்தனை பேரும் சேந்து இழுத்தோம், கடலையே சேத்து இழுக்குற மாதிரி இருந்துச்சு, வரல. இடுப்புக்குக் கீழ... மீனுங்க விட்டு வைக்கலம்மா. தோலெல்லாம் சிப்பி பிடிச்சிருக்கு. பசிக்குது, தாகம் எடுக்குது, உசுரு மட்டும் போகமாட்டேங்குது. வெடியக்காலம் ஆனா நெஞ்சு நெறைஞ்சுருதாம், யாரோ ஊதிவிடுற மாதிரி."

கித்தேரி வாயப் பொத்திக்கிட்டா.

"பேரும் ஊரும் சொன்னாரு. என்னய்யா வேணும்னு கேட்டேன். அவகிட்டச் சொல்லும், மூடியத் திருப்பச் சொல்லும்னாரு. எனக்கு வெளங்கல தங்கச்சி. உனக்கு வெளங்குதா?"

அவளுக்கு வெளங்குச்சு. எனக்கும் வெளங்குச்சு, அன்னைக்கு விடியக்காலம் அந்த மூடிய வெரல்ல பிடிச்சுக்கிட்டு அவன் நின்னத நானும்தான பாத்தேன். அவ அப்படியே சரிஞ்சு சட்டைக்குக் கீழ உக்காந்து, சத்தமே வராம அழுதா.

என் வீட்டுக்காரர் நம்பமாட்டேன்னு சொல்லி மீரான் பாய் லாஞ்சுலயே ஏறிப் போனாரு. திரும்பி வந்தவரு சட்டியில இருந்த சோத்தத் தொடல. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு, "ரெஜினா, அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு. மூடியத் திருப்பிரட்டும். என்னையப் பாத்து அண்ணன்னு கூப்பிட்டான்"னு மட்டும் சொன்னாரு. அன்னைக்குத்தான் அந்த மனுசன் அழுது பாத்தேன்.

விசயம் ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துப் பூசை முடிஞ்சு கோயில் முன்னால கூட்டம் போட்டாங்க. வியாகுலப்பன் எந்திரிச்சு, தொண்டையச் செருமிக்கிட்டு, "ஒருத்தன் கஷ்டப்படுறான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் இருக்கப்போய்த்தான இத்தன குடும்பம் தாலியோட இருக்கு? இது மாதாவோட ஏற்பாடு. சட்டையக் கோயிலுக்குள்ள கொண்டாந்து கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டுவோம். காலையில ஊதுறதுக்கு முறைவச்சு ஆளப் போடுவோம்"னாரு. ஒத்துக்குற மாதிரி ஒரு முணுமுணுப்பு கூட்டம் முழுக்க ஓடுச்சு.

"ஊதுவீங்க, ஊதுவீங்க! உம்ம மகன் அங்க நின்னா ஊதுவீரா?"ன்னு நான் எந்திரிச்சுக் கத்தினேன். "பொம்பளைங்க உக்காருங்க"ன்னாங்க. என் புருசனும் அதே கடலுக்குத்தான் போறாரு, எனக்கும் பயம் இருக்கத்தான் செஞ்சுச்சு, அதுக்காக அவன அங்கயே நிக்கச் சொல்ல முடியுமா?

கித்தேரி மெதுவா எந்திரிச்சு, "பெட்டியில வைக்குறதுக்கு முன்னாடி ஒருக்கா நல்ல தண்ணியில அலசிக் குடுத்துருறேன்"னா. சரின்னுட்டாங்க. அவ வீட்டுக்குப் போய்ச் சட்டைய எடுத்துட்டு வந்து, ஊரு பாக்க, கோயில் வாசல்லயே ஒரு குடத்துத் தண்ணியில அலசினா. வாரு, கொக்கி, தையல், ஒட்டுப் போட்ட எடம், ஒண்ணையும் விடல. வேப்பமரத்து நெழல்ல விரிச்சுக் காயவச்சா. காயற வரைக்கும் யாரும் நகரல. அப்புறம் அத மடியில தூக்கி வச்சுக்கிட்டு, சாமியாரப் பாத்தா.

"சாமி, அன்னைக்கு இது எப்படி ஊதிச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சாமியார் தலையக் குனிஞ்சாரு. "தெரியும் மகளே. மாத்திரை நனைஞ்சுச்சு."

"மாதா ஊதலயா?"

"தீர்த்தம் பட்டு மாத்திரை நனைஞ்சுச்சு. அவ்வளவுதான்."

கூட்டத்துல ஒருத்தரும் மூச்சு விடல, மடியில இருந்த சட்டை மட்டும் விட்டுச்சு. கித்தேரி குழாய் மூடியக் கழட்டினா. வியாகுலப்பன், "ஏய், பிடிங்கலே அவள!"ன்னு முன்னால வந்தாரு, என் வீட்டுக்காரர் குறுக்க போய் நின்னாரு, சிலுவைராயன் பொண்டாட்டி எந்திரிச்சு அவரு பக்கத்துல நின்னா, மத்த ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களும் வந்து நின்னாங்க. கித்தேரி அந்த மூடியத் தலைகீழாத் திருப்பி, "என்னைய மன்னிச்சுருங்க"ன்னு குழாய்க்குள்ள வச்சு அமுக்கினா.

ஒரு சட்டைக்குள்ள அவ்வளவு காத்து இருக்க நியாயமில்ல. மொதல்ல அவ ஊதின காத்துதான் வந்துச்சு, அத்தனை விடியக்காலத்து மூச்சும் வரிசையா, ஒண்ணு பின்னால ஒண்ணா, வேப்பெல எல்லாம் ஆடுற அளவுக்கு வந்துச்சு. எங்க சீலை முந்தானையெல்லாம் பறந்துச்சு, வாசல்ல எரிஞ்ச மெழுகுவத்தியெல்லாம் அணைஞ்சுச்சு, கொடிமரத்துக் கொடி கடலப் பாத்து விரிஞ்சு நின்னுச்சு. அவ வெரல எடுக்கல. வெரல் நகமெல்லாம் வெளுத்துப்போச்சு, எடுக்கல. கடைசியா ஒரே ஒரு மூச்சு மிச்சம் இருந்துச்சு, அது மெதுவா, நெதானமா, அவ மூஞ்சியிலயே வந்து பட்டுச்சு. பக்கத்துல நின்ன எனக்கும் வாசம் வந்துச்சு, சுக்குக்காப்பி வாசம். சட்டை அவ மடியில தட்டையாப் படுத்துச்சு.

மத்தியானம் இஞ்ஞாசி வந்துட்டான். எங்க கரையோரத்து இடிஞ்ச பாலத்துக்குக் கீழ, அலையே இல்லாத தண்ணியில, யாரோ கொண்டாந்து வச்ச மாதிரி கெடந்தான். மீரான் பாய் சொன்னதுல ஒண்ணுகூடக் கூட்டிச் சொன்னது இல்ல. ஆனா கண்ணு மூடியிருந்துச்சு. கித்தேரி கிட்டப் போய்ப் பாத்துட்டு, "தூங்குறாரு யக்கா"ன்னா.

சாயங்காலம் சவப்பெட்டி எடுத்தோம். தெருவுல பெட்டி போகப் போக, ஒரு வீட்டுக்குள்ள இருந்து புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அடுத்த வீட்டுல இருந்து இன்னொண்ணு. யாரும் யாருக்கும் சொல்லல, பொம்பளைங்க தானா உள்ள போய், மாலையக் கழட்டி, ஆணியில இருந்து எடுத்து, மூடியத் திருப்பினாங்க, தெரு முழுக்க காத்து எறங்குற சத்தம் பெட்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் வந்துக்கிட்டே இருந்துச்சு, துக்க மணிய அடிக்கக் கோயில் உபதேசியார் மறந்தே போனாரு. சாமியார் மட்டும் ஊர்வலத்துல இல்ல. கோயில் பின்னறையில டீச்சர் விட்டுட்டுப்போன பெட்டியத் தெறந்து, குப்பிங்களத் தூசி தட்டிக்கிட்டு இருந்தாருன்னு அப்புறம் சொன்னாங்க.

கல்லறையில பெட்டிய மூடப் போற நேரம் கித்தேரி நிறுத்தச் சொன்னா. சீலைக்குள்ள மடிச்சு வச்சிருந்த சட்டைய எடுத்தா. அவன் தலையத் தூக்கிப் பிடிக்க என்னக் கூப்பிட்டா, நான் பிடிச்சேன், அவ அதக் கழுத்துல மாட்டினா, மடிப்பு சுருங்காம நெஞ்சு மேல நீவிவிட்டா, இடுப்பச் சுத்தி வார எடுத்துக் கொக்கியப் போட்டா, டக்குன்னு விழுந்துச்சு. அப்புறம் டீச்சர் காட்டிக்குடுத்த மாதிரியே வாருக்குள்ள ரெண்டு வெரல விட்டு, ரொம்ப இறுக்கமும் இல்ல, தொளதொளன்னும் இல்லன்னு இழுத்துப் பாத்தா.

"இப்பப் போயிட்டு வாங்க"ன்னா.